அவிட்டத்துக்கு முன்னால்

2024 ஆகஸ்ட்டு பதினான்காம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு இது தொடங்கியது. அம்மாவின் நான்கு மணி மாத்திரைக்காக அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். வீட்டின் பின்புறக் குழாயடியில், அம்மாவைப் பார்க்க வீட்டுக்கே வரும் நர்ஸ் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்பா துண்டுடன் பக்கத்தில் நின்றார். பல வாரங்களாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அன்று கேட்டார்.

"இன்னும் எவ்ளோ காலம் சிஸ்டர்?"

நர்ஸ் குழாயை மூடினார். துண்டை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மாசக் கணக்கு முடிஞ்சிடுச்சுங்க. வாரக் கணக்கும் இல்ல. இனிமே நாள் கணக்குதான்."

"நாளுன்னா?"

"தேதி யாராலயும் சொல்ல முடியாதுங்க. நாலு நாளா இருக்கலாம், பத்து நாளாவும் இருக்கலாம். சொந்தக்காரங்க யாராவது பாக்கணும்னா வரச் சொல்லிடுங்க."

தேதி சொல்லாமல் காலத்தின் அளவை மட்டும் சொல்வது அவர்கள் வேலையின் வழக்கம். குடும்பத்தார் மனத்தைத் தயார் செய்துகொள்ளட்டும் என்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள். அப்பா தலையாட்டினார். நர்ஸ் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அந்தப் பதிலை எங்கள் ஊரில் எந்தக் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அவருக்கும் அப்போது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நாங்கள் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டின் சொந்தக்காரம்மா தன் மகளோடு இருந்தார். அப்பாவுக்கு டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. அம்மா கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பவள். நான் முதுகலை இலக்கியம் இரண்டாம் ஆண்டு. மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புகளுக்குப் போய்விட்ட பிறகு, இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இவர்கள் வந்தார்கள். சாகப்போகிறவர்களை வீட்டிலேயே வந்து பார்த்துக்கொள்ளும் குழு. புதனும் சனியும் ஒரு வெள்ளை வேன் தெருமுனையில் வந்து நிற்கும். வேனில் எழுதியிருப்பதை அக்கம்பக்கத்தார் படித்துவிடக் கூடாது என்று பல வீடுகளில் கேட்டுக்கொள்வார்களாம். அதனால் கேட்காத வீடுகளுக்கும் அவர்கள் வேனைத் தள்ளித்தான் நிறுத்துவார்கள்.

டாக்டர் மாதம் ஒரு முறை வருவார். மற்ற நாள்களில் தொலைபேசியில் கிடைப்பார். மருந்தின் அளவை அவர்தான் முடிவு செய்வார். நர்ஸின் வேலை அம்மாவின் உடம்பு. மார்பில் திறந்திருந்த புண்ணைக் கழுவி, ஒரு மாத்திரையைப் பொடித்து அதன் மேல் தூவிக் கட்டுவார். அந்தப் பொடி நாற்றத்துக்காக. அது வேலை செய்தது. அதற்கு முன் நான் ஊதுபத்தி ஏற்றி வைப்பேன். இரண்டு வாசமும் சேர்ந்தால் தாங்காது என்று அவர் அதை நிறுத்தச் சொன்னார். வாயை ஈரமாக வைத்திருப்பது, மார்ஃபின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது என் வேலை என்று முதல் நாளே பிரித்துச் சொல்லிவிட்டார்.

"அழறது உங்கப்பா வேல," என்றாள் அம்மா. "அத அவரு யாரும் சொல்லித் தராமலே நல்லா செய்யறாரு."

படுத்திருப்பவரை எழுப்பாமல் விரிப்பை மாற்றுவது எப்படி என்று நர்ஸ் எனக்குச் செய்து காட்டினார். அம்மாவை ஒருபக்கமாகச் சாய்த்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்து, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதை அதனடியில் தள்ளி விரிக்க வேண்டும். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்தாள்.

"பதினெட்டு வருசமா லாட்ஜுல பெட்ஷீட்டு போடறேன். ஆள வச்சிகினே மாத்தறத இப்பதான் பாக்கறேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரூமுல தூங்கற பெங்களூர்க்காரங்கள எழுப்பியே இருக்க மாட்டேன், சிஸ்டர்."

குழுவில் இன்னொருவரும் உண்டு. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், தன்னார்வலர். அம்மா அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவாள். அவர் எதற்கு வருகிறார் என்பது எங்கள் மூவருக்கும் முதலில் விளங்கவில்லை. அம்மா நேராகவே கேட்டுவிட்டாள்.

"மருந்துக்கு டாக்டர். புண்ணுக்கு சிஸ்டர். நீங்க எதுக்குங்க வரீங்க?"

"சும்மா குந்தறதுக்கு வரேம்மா."

"அதுக்கு சம்பளம் தராங்களா?"

"இல்ல."

"அப்ப எங்க ஊட்டுக்காரர மாதிரிதான்."

கண்டக்டர் வெகுநேரம் சிரித்தார். அவர் உட்காரத்தான் வந்தார். அம்மா பேசினால் கேட்பார். பேசாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவரும் பேசாமல் இருப்பார். எங்கள் ஜன்னல் பாதைப் பக்கம். கிரிவலம் வருகிறவர்கள் மனை விலையையும் மருமகளின் குணத்தையும் பேசிக்கொண்டு போவது அப்படியே உள்ளே கேட்கும். சாமியைச் சுற்றி வந்துகொண்டே சர்வே நம்பர் பேசுகிறார்களே என்று அம்மாவும் கண்டக்டரும் சிரிப்பார்கள். அம்மாவுக்கு அந்த ஜன்னல் பிடித்திருந்தது. கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எங்களிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

நர்ஸ் அப்படிச் சொன்ன அன்று மாலை, மாடிப்படி அருகே சொந்தக்காரம்மா அப்பாவை நிறுத்தி விசாரித்தார். எப்போதும் விசாரிப்பவர்தான். அம்மா சோற்றை ஒதுக்கிய நாளிலிருந்து தினமும் ஒரு கிண்ணம் ரசத்தை வடிகட்டிக் கொடுத்தனுப்பியவர். அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. "நாள் கணக்குன்னு சொல்லிட்டாங்க," என்றார். சொந்தக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மறுநாள் காலை கீழே இறங்கி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அப்பாவை வாசலுக்கு அழைத்துப் பேசினார். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நான்கடி தூரம்கூட இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. திங்கக்கெழம காலைல அவிட்டம் வருது. அதுலேர்ந்து வெள்ளிக்கெழம வரைக்கும் அஞ்சும் அடைப்பு நட்சத்திரம். அதுல ஒண்ணு ஆயிட்டா ஆறு மாசம் ஊட்ட மூடணும்பாங்க. எம்பொண்ணு கல்யாணம் ஆவணி மூணாவது வாரம். மாப்ள ஊட்டுக்காரங்க காதுல விழுந்தா அவ்ளோதான்."

அப்பா வாசல்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் மனசு கேக்கலண்ணா. ராத்திரியெல்லாம் தூங்கல. நீங்களே சொல்லுங்க, நான் இன்னா பண்ணட்டும்?"

"நீங்க சொல்றதும் சரிதாங்க," என்றார் அப்பா.

இதை விளக்க வேண்டிய அவசியம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. அவிட்டம் முதல் ரேவதி வரையிலான ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உயிர் போன அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். அந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் கூடாது. சொந்த வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டு வேறு அறையில் இருந்துகொள்வார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் இறப்பதற்கு முன்பே வெளியே கொண்டுபோகப்படுவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவரை ஆட்டோவில் சாய்த்து வைத்துக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை.

உள்ளே வந்தபோது அம்மா விழித்திருந்தாள்.

"திங்கக்கெழமக்குள்ள காலி பண்ணணுமாமா?"

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

"லாட்ஜுல பன்னெண்டு மணிக்கு செக் அவுட். தாண்டினா மேனேஜர் ஆள் உட்டுக் கதவத் தட்டுவாரு. நானே எத்தினி பேரத் தட்டியிருக்கறேன்." சற்று நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு அந்தக் குரலே மாறிவிட்டது. "என்ன எங்கயும் தூக்கிகினு போவாதீங்க. காலு தாங்காது. உங்கப்பாகிட்ட சொல்லு."

கால் தாங்காது என்பது வெறும் அச்சம் இல்லை. இடது தொடை எலும்பை நோய் உள்ளிருந்து அரித்திருந்தது எக்ஸ்ரே படத்தில் தெரிந்திருந்தது. திருப்பும்போதெல்லாம் அந்தக் காலுக்குத் தனியாக ஒருவர் கைகொடுக்க வேண்டும் என்று நர்ஸ் பலமுறை சொல்லியிருந்தார். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா, "உங்க மாமாவக் கேக்கலாம்," என்றார்.

அம்மாவின் அண்ணன் கீழ்பென்னாத்தூரில் விவசாயம் பார்ப்பவர். வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். பிறகு வாசலுக்கு வந்து, மாடிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"எந்தங்கச்சி இன்னா அனாதையா? நான் இட்டுனு போறேன். பொறந்த ஊட்டுக்குப் போறதுக்கு எவன் காலண்டர் பாக்கணும்?"

அப்பாவின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். யாராவது முடிவெடுத்துவிட்டால் அவருக்குப் போதும். பிறகு மாமா குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் மீதியைச் சொன்னார். வீடு இல்லை, நிலத்தில் இருக்கிற மோட்டார் கொட்டா. பம்புசெட்டுக்காகக் கட்டிய ஒற்றை அறை. "ஊட்ல சாமி ரூமு இருக்குதுங்க மச்சான், எங்க ஊட்டுக்காரி கொஞ்சம் யோசிக்கறா. கொட்டாவுல கட்டில் போட்டுட்டேன், ஃபேனும் மாட்டிட்டேன். காத்து நல்லா வரும்." மாமாவும் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவாயிற்று. மாலைக்கு மேல் பௌர்ணமிக் கூட்டத்துக்காகப் பாதையை அடைத்துவிடுவார்கள்; பிறகு வண்டி எதுவும் உள்ளே வர முடியாது.

சனிக்கிழமை குழு வந்தபோது மூலையில் இரண்டு பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. நர்ஸ் முதலில் அவற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"எலும்பு உடைஞ்சிடும்," என்றார் அப்பாவிடம். "உடையலாம்னு சொல்லல. உடைஞ்சிடும்ங்க. உடைஞ்சா அதுக்கு மேல அந்த வலிக்கு என்கிட்ட போதுமான மருந்து இல்ல."

"நான் யாருகிட்ட சண்ட போடறது சிஸ்டர்?" என்றார் அப்பா. "அவங்க கெட்டவங்களா இருந்தா சண்ட போடலாம்."

அவர்களுடைய மையத்தில் இருந்த நான்கு படுக்கைகளிலும் ஆள் இருந்தது. நர்ஸ் அதைத் தொலைபேசியில் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு அவரும் கண்டக்டரும் மாடிக்குப் போனார்கள். நானும் உடன் போனேன். ஹாலில் கல்யாணப் பத்திரிகைகள் மஞ்சள் தடவி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சொந்தக்காரம்மா எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். கண்டக்டர் பொறுமையாகப் பேசினார். கீழ்ப்பகுதியின் வாசல் தனி, சுவர் தனி, அந்த ஓர் அறையை மட்டும் பூட்டினால் போதும், விளக்கேற்றிப் பரிகாரம் செய்தால் போதும் என்று சொல்லும் ஐயர்களும் இருக்கிறார்கள் என்றார். சொந்தக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நர்ஸிடம் திரும்பினார்.

"நீங்க எத்தினி பேரப் பாத்திருப்பீங்க. உங்களுக்குத் தெரியாமலா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சிஸ்டர். இந்த வெள்ளிக்கெழம தாண்டிடுமா? தாண்டும்னு சொன்னா நான் வாயத் தொறக்கல. அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்."

நர்ஸ் காப்பியைக் கீழே வைத்தார். தாண்டும் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் கணத்தில் நான் வேண்டிக்கொண்டேன். ஒரு சொல் போதும். அதை யாரும் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் நர்ஸ். "தெரிஞ்சா சொல்லிடுவேன்."

படி இறங்கும்போது கண்டக்டர் அவரைக் கேட்டார்: "தாண்டும்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லி, புதன்கிழமை ஆயிட்டா? அப்புறம் இந்தப் பாதையில எந்த வீட்லயும் எங்களை உள்ள விட மாட்டாங்க சார். இன்னும் ரெண்டு பேர் படுத்திருக்காங்க இதே ரோட்ல."

அவர் சொன்னது சரி. அன்று எல்லோரும் சொன்னது சரியாகவே இருந்தது.

கீழே வந்து நர்ஸ் புண்ணைக் கட்டினார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அந்தக் கையில் மீதமிருந்தது எனக்குத் தெரியாது.

"சிஸ்டர். திங்கக்கெழமக்கு முன்னாடி என்ன அனுப்பிடுங்களேன். மாத்திரதான் நெறைய தரீங்களே."

"அது என் வேலை இல்லம்மா. சீக்கிரம் அனுப்பறதும் இல்ல, இழுத்துப் பிடிக்கறதும் இல்ல. வலி இல்லாம பாத்துக்கறதுதான் என் வேலை."

"அப்ப நாளைக்கு வண்டில ஏத்தறப்ப அந்த வேலயச் செய்யுங்க," என்றாள் அம்மா. கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தடுக்க முடியாது என்றான பிறகு, நர்ஸ் நடக்கப்போவதற்கான ஏற்பாட்டில் இறங்கினார். டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு எவ்வளவு முன்பு கூடுதல் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொன்னார். இரண்டு கால்களையும் நடுவில் தலையணை வைத்துப் புடவைத் துணியால் சேர்த்துக் கட்டிக் காட்டினார். விரிப்போடு தூக்க வேண்டும், நான்கு பேர் வேண்டும், இடுப்புக்குக் கீழே பிடிப்பவர் மற்றவர்களைவிட முன்னதாக எழக் கூடாது. பௌர்ணமி என்பதால் அடுத்த வாரத்துக்கான மார்ஃபினை முன்கூட்டியே கொடுத்தார்கள். அந்த வாரங்களில் அது அவர்களுடைய வழக்கம். கீழ்பென்னாத்தூர் அவருடைய எல்லைக்குள் இல்லை. அங்குள்ள வேறு குழுவுக்குச் சொல்லி வைப்பதாகவும், அவர்கள் வரச் சில நாள் ஆகும் என்றும் சொன்னார்.

ஞாயிறு காலை கண்டக்டர் முதல் பேருந்தைப் பிடித்து வந்துவிட்டார். அவர், அப்பா, மாமா, வாடகை வேன் ஓட்டுநர் நால்வரும் விரிப்பின் மூலைகளைப் பிடித்தார்கள். நான் காலைத் தாங்கிக்கொண்டேன். மாடியில் ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்தியதற்காக மனத்துக்குள் நன்றி சொன்னேன். சொந்தக்காரம்மா நின்று பார்த்திருந்தால் அப்பா கும்பிட்டிருப்பார். பாதையில் அதற்குள் ஆள்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வேன் மனித நடைக்கு ஊர்ந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அம்மாவின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார். அம்மா கண்ணைத் திறந்து, "டோல்கேட்டா?" என்றாள். கண்டக்டர் சிரிக்க முயன்றார்.

டவுனைத் தாண்டி செஞ்சி ரோட்டில் ஓர் ஊருக்கு முன்னால் வேகத்தடை இருந்தது. ஓட்டுநர் வேகமாகப் போகவில்லை. நடப்பவனைவிட மெதுவாகத்தான் அதை ஏறினார். சத்தம் என் கைகளுக்குள் கேட்டது. அதை எதனோடும் ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பின் வந்தது அம்மாவின் குரல். அந்தக் குரல் கீழ்பென்னாத்தூர் வரை நிற்கவில்லை. மாமா முன் இருக்கையில் காதைப் பொத்திக்கொண்டார்.

மோட்டார் கொட்டாவில் கட்டிலும் ஃபேனும் அவர் சொன்னபடியே இருந்தன. மேலே தகரம். சுவரோடு சுவராக மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, கிரீஸ் வாசம். நிலக்கடலைக்குத் தண்ணீர் விடும் நேரம் வந்தால் மோட்டார் ஓடும். அம்மாவின் முனகல் அதில் கேட்காது. அத்தை வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்ப்பார். உள்ளே வரவில்லை. இடது கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. டாக்டர் தொலைபேசியில் மாத்திரையின் அளவை உயர்த்தினார். அதற்குப் பிறகு அம்மா பெரும்பாலும் தூங்கினாள். விழித்தபோதெல்லாம் அப்பாவைப் பார்க்காமல் தகரத்தைப் பார்த்தாள். அப்பா கட்டிலின் கால்மாட்டில், அவள் பார்வை படாத இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை நர்ஸ் வந்தார். வேன் இல்லை, தன் வேலை முடிந்த பிறகு பேருந்தில் வந்து, வரப்பில் நடந்து வந்திருந்தார். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அரிசிச் சாக்கு இரண்டு கேட்டு வாங்கி, பாதியளவு மணல் நிரப்பி, கால் அசையாமல் இருபுறமும் அணைத்து வைத்தார். இனி மாத்திரை விழுங்க முடியாது என்று, கரைத்து நாக்கின் ஓரத்தில் விடச் சொல்லிக் கொடுத்தார். இனி என்னென்ன வரும் என்றும் சொன்னார். பாதம் குளிரும்; மூச்சு நின்று நின்று வரும்; தொண்டையில் சத்தம் வரும், அதனால் அம்மாவுக்கு வலி இல்லை. பிறகு வெளியே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா அன்னிக்குக் கேட்டப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். தொட்டியில் மிதந்த இலையை எடுத்துப் போட்டேன். அவரும் மறுப்பை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசிப் பேருந்து போய்விடும் என்று எழுந்து வரப்பில் நடந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமா வந்து கொட்டா வாசலில் வெகுநேரம் நின்றார். கட்டிலைப் பார்க்கவில்லை, ஸ்டார்ட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதுதான் அது தோன்றியிருக்க வேண்டும், அல்லது அத்தை சொல்லியிருக்க வேண்டும். கொட்டாவைப் பூட்ட வேண்டி வந்தால் மோட்டாரையும் சேர்த்துத்தான் பூட்ட வேண்டும். ஆறு மாதம். கடலை அப்போதுதான் பூ விட்டிருந்தது.

"மச்சான்," என்றார் அப்பாவிடம். அதற்கு மேல் சொல்லாமல் அழுதார்.

தொட்டிக்கு அப்பால் இருந்த புங்கமரத்தடியில் நீலத் தார்ப்பாயைக் கட்டினார்கள். அப்பாவும் மாமாவும் நிலத்து வேலைக்கு வந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவைக் கட்டிலோடு தூக்கினார்கள். மணல் மூட்டைகளை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா கண்ணைத் திறந்தாள். மரத்தின் இலைகளையும் அதன் மேல் வெளிச்சத்தையும் பார்த்தாள். பிறகு, நான்கு நாள்களில் முதன்முறையாக, தெளிவாகப் பேசினாள்.

"அடுத்து எங்க? ரோட்டுக்கா?"

கட்டிலைத் தூக்கியவர்கள் அதைக் கேட்காதவர்கள் போலத் தரையைப் பார்த்து நடந்தார்கள். அம்மா அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை கண்டக்டர் வந்தார். கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இப்போது அவர் கேட்பதற்குப் பேச்சு இல்லை. பார்ப்பதற்கு ஜன்னல் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தார். ஈயை விரட்டினார். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தார். எங்கள் எல்லோரிடமும் ஏதோ ஒரு பயம் இருந்தது. அந்த ஒருவரிடம் மட்டும் அது இல்லாததால், அவர் இருக்கும்போது அம்மாவின் மூச்சைத் தவிர வேறெதையும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை. மாமா அவ்வப்போது வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அவர் எதற்காகப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். இருட்டுகிற நேரத்தில் அத்தை வீட்டு வாசலிலிருந்து, "ரேவதி முடிஞ்சிடுச்சு," என்று அவருக்குக் குரல் கொடுத்தார். மாமா அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சனிக்கிழமை மத்தியானம் இறந்தாள். கண்டக்டர் காலையிலேயே வந்திருந்தார். நர்ஸ் சொன்ன வரிசையில்தான் எல்லாம் நடந்தது. பாதம் குளிர்ந்தது. மூச்சு நின்றது, வந்தது, நின்றது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். கண்டக்டர் எழுந்து தன் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அசுவினி நட்சத்திரம். அடைப்பு இல்லை, தோஷம் இல்லை, பூட்ட ஒன்றும் இல்லை. எங்கள் ஜன்னலடியில் அவள் இன்னும் ஆறு நாள் படுத்திருந்தாலும் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் நட்சத்திரத்தைத்தான் முதலில் கேட்டார்கள். கேட்டவர்கள் முகம் தெளிந்தது. "புண்ணியவதி, நல்ல நட்சத்திரத்துல போயிருக்கறா," என்று ஒரு கிழவி என் கன்னத்தை வழித்தாள். உடம்பு தாங்காது என்று அன்று மாலையே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனார்கள். தீட்டுக்காரி வெளியே போகக் கூடாது என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். பேருந்தில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலையில் இறங்கினேன். கல்யாண வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று அப்பா மாடிக்குத் தகவல் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டேன். சொந்தக்காரம்மா இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வாயில் கைவைத்துக்கொண்டார்.

"எப்பம்மா?"

"நேத்து மத்தியானம் ஆன்ட்டி."

அவர் உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

"அசுவினி," என்றேன்.

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இங்கயே..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அழுதார். அது உண்மையான அழுகை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பதினாறாம் நாளுக்குப் பிறகு சாமான்களை எடுத்துக்கொள்வதாகவும், நாங்கள் இனி வரப்போவதில்லை என்றும் சொன்னேன். அப்பாவைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. வீட்டுச் சாவியை நீட்டினேன். அவர் கை முன்னே வந்து, பாதியில் நின்றது. தீட்டுள்ள கையிலிருந்து கல்யாண வீட்டில் எதையும் வாங்கக் கூடாது. சாவியைச் சுற்றுச்சுவரின் மேல் வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் ஆட்டோவுக்காக நின்றேன். சற்று நேரத்தில் அவர் உள்ளேயிருந்து ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து சாவியின் மேல் ஊற்றி, புடவைத் தலைப்பால் பிடித்து எடுத்துக்கொண்டு போனார். ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டேன்.